ஜெபக்கூட்டத்திலேயே முடிவாகும் நிர்வாகம்: எங்கிருந்து சீர்படுத்துவது?

புது_ஒருங்கிணைப்பாளர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். முதியோர் பராமரிப்பு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, மருத்துவ உதவி என்று மூன்று பணிகள் செய்யும் ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளையைப் பற்றிய கேள்வி. சம்பள ஊழியர் 14 பேர், தன்னார்வலர் சுமார் 60 பேர், நிர்வாகக் குழுவில் 7 பேர். நிறுவனரே குழுத் தலைவர், அவரே அன்றாட இயக்குநர்.

திங்கள்தோறும் காலையில் ஜெபக்கூட்டம். முடிவுகளில் பாதி அங்கேயே பிறந்துவிடுகிறது. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு வியாழக்கிழமைவாக்கில் காதில் விழும். மீதி முடிவுகள் நிறுவனர் அனுப்பும் குரல் பதிவுகளில் வருகின்றன. ஒரே வாட்ஸ்அப் குழுவில் காலை வசனம், பிறந்தநாள் வாழ்த்து, பணிநேர மாற்றம், மருந்து தீர்ந்த செய்தி எல்லாம் கலந்து கிடக்கின்றன. "கர்த்தர் இதை உணர்த்தினார்" என்று ஒரு திட்டம் வந்தால் செலவு எவ்வளவு என்று கேட்கக்கூடத் தயங்குகிறார்கள். கேட்டால் அவிசுவாசம் என்று ஆகிவிடுமோ என்ற பயம். மனக்குறைகளோ ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றுகின்றன.

எதை முதலில் தொடுவது? எந்தக் கூட்டம், எந்தப் பதிவேடு, யார் யாரிடம் சொல்வது என்று கையில் எடுத்துச் செய்யும்படி சொல்லுங்கள். "அன்பில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

செயலர்_மேசை:

வாட்ஸ்அப்பைப் பிறகு பார்க்கலாம். முடிவு எங்கே பிறக்கிறது என்பதை முதலில் சரிசெய்யுங்கள். அது தெளிவாகாதவரை எத்தனை அறிவிப்புப் பலகை மாட்டினாலும் அதில் எழுத வேண்டிய செய்தியே அரைகுறையாகத்தான் உங்கள் கைக்கு வரும்.

ஜெபக்கூட்டத்தில் கை வைக்காதீர்கள், அது இருக்கிறபடியே இருக்கட்டும். அது முடிந்ததும் 10 நிமிட இடைவெளி, பிறகு 45 நிமிடப் பணிக்கூட்டம். நடத்துபவர் வேறு ஒருவராக இருக்க வேண்டும், முடிந்தால் அறையும் வேறாக இருக்கட்டும். ஜெப நேரத்தில் எழுந்த யோசனை அன்றைக்கே முடிவாகாது. "பரிசீலனைக்கு" என்று ஒரு வரி எழுதி அடுத்த வாரப் பணிக்கூட்டத்துக்குப் போகும். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது முன்வைக்கப்படும் திட்டத்துக்கு யார் ஆட்சேபம் சொல்வார்?

அடுத்தது முடிவுப் பதிவேடு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வரிசை எண், தேதி, முடிவு ஒரே வாக்கியத்தில், எடுத்தவர் யார், செய்பவர் யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், யார் யாருக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே கிடக்கும், அங்கேதான் உங்கள் "வியாழக்கிழமை" சிக்கல் தொடங்குகிறது. குரல் பதிவில் முடிவு வந்தால், பெற்றவர் அதை இரண்டு வரியில் எழுதி "இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா ஐயா?" என்று திருப்பி அனுப்ப வேண்டும். "சரி" என்று வந்த பிறகே எண் விழும். எண் இல்லாத முடிவுக்குப் பணம் வெளியே போகக் கூடாது. இந்த ஒரு விதியில் பொருளாளர் உறுதியாக நின்றால் மற்றவை தானாக வழிக்கு வரும்.

"கர்த்தர் உணர்த்தினார்" விஷயத்துக்கு வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் நல்ல பிடிமானம். மக்கெதோனியாவுக்கு வரும்படி அழைத்த தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவர்தான். ஆனால் 10ஆம் வசனத்தில் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மை வருகிறது. தரிசனம் ஒருவருக்கு, நிச்சயம் பலருக்கு. இதை வைத்துக் குழுவில் ஒரு நடைமுறை எழுதுங்கள். திட்டத்தைக் கொண்டுவருபவர் ஒரு பக்கத் தாள் தர வேண்டும், கூட்டத்துக்கு 7 நாள் முன்பே. அதில் முதல் ஆண்டுச் செலவு, பிறகு ஆண்டுதோறும் ஆகும் செலவு, எந்த நிதியிலிருந்து, இப்போதுள்ள எந்தப் பணியின் நேரம் குறையும், எந்த நிலை வந்தால் நிறுத்திவிடுவோம் என்பவை இருக்கட்டும். இரண்டாம் ஆண்டுச் செலவைக் கேட்பதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்பது லூக்கா 14இல் இயேசுவே சொன்ன உவமை.

கூட்டத்தில் பேசும் வரிசையும் முக்கியம். தலைவர் முதலில் பேசினால் மற்ற ஆறு பேரும் அதற்கு விளக்கவுரைதான் சொல்வார்கள். இளையவர் முதலில், தலைவர் கடைசியில். 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெனடிக்ட் துறவற ஒழுங்கின் 3ஆம் அதிகாரம் பேசும் வரிசையைச் சொல்லாவிட்டாலும் இளையவரையும் கேட்கச் சொல்கிறது. முக்கியமான காரியமென்றால் மடத்துத் தலைவர் எல்லோரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் நல்லது எது என்பதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று. ஆனால் கேட்ட பிறகு முடிவு தலைவருடையது என்பதையும் அங்கேயே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. உங்கள் இடத்திலும் ஒவ்வொரு பொருளின் தலைப்பிலேயே "தகவலுக்கு", "ஆலோசனைக்கு", "முடிவுக்கு" என்று குறித்துவிடுங்கள். ஆலோசனை கேட்கிறார்கள் என்று நினைத்து வந்தவரிடம் முடிவை அறிவித்தால் வரும் கசப்பு சீக்கிரம் ஆறாது.

நிறுவனரே தலைவர், அவரே இயக்குநர் என்பது நெடுநாள் தாங்காத அமைப்பு. இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பில் அடுத்த தலைவரான ஜெனரலின் பெயரை இருக்கிற ஜெனரலே எழுதி, முத்திரையிட்ட உறையில் வைக்கும் வழக்கம் இருந்தது. 1929இல் அப்போதைய ஜெனரல் பிராம்வெல் பூத் நோயுற்றிருந்தபோது சேனையின் மூத்த அதிகாரிகளைக் கொண்ட உயர் மன்றம் முதன்முறையாகக் கூடி அவரைப் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. 1931இல் அந்த உறை முறையே சட்டப்படி ஒழிந்தது, அதன்பின் தேர்தல்தான். தகுதியற்ற தலைவர் வந்தால் கையாள 1904லேயே விதி எழுதி வைத்திருந்ததால்தான் அந்த நெருக்கடியில் சேனை உடையாமல் தப்பியது. நெருக்கடி வந்தபின் விதி எழுத உட்கார்ந்தால் எழுதுகிற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்கு எதிரானதாகவே படும். ஆகவே சமாதானமாக இருக்கும்போதே பதவிக்காலம், அடுத்தவர் எப்படி வருவார், தலைவர் நோயுற்றால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் எழுதுங்கள்.

களப்பணி_அக்கா:

செயலர் ஐயா மேல்மாடியைப் பார்த்துவிட்டார், நான் கீழ்மாடிக்கு வருகிறேன்.

எருசலேமில் தீர்மானமான காரியத்தை அந்தியோகியாவுக்கு எப்படி அனுப்பினார்கள் என்று அப்போஸ்தலர் 15இல் பாருங்கள். கடிதம் ஒன்று, மிகச் சுருக்கமானது. கூடவே யூதா, சீலா என்று இரண்டு பேர், அதே செய்தியை வாய்மொழியாகச் சொல்ல. எழுத்து மட்டும் போனால் தொனி தப்பிவிடும், வாய் மட்டும் போனால் செய்தி தேய்ந்துவிடும். பணிநேரம், பணம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்த மாற்றத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும்.

வாட்ஸ்அப்பை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது அறிவிப்புக் குழு: நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள், நாளைக்கு 2 செய்திக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு பணிக்கும் ஒரு குழு, அந்தப் பணியில் இருப்பவர்கள் மட்டும். மூன்றாவது ஐக்கியக் குழு: வசனம், வாழ்த்து, பாட்டு எல்லாம் அங்கே, சேருவது அவரவர் விருப்பம். மூன்றாவதைத் திறக்காமல் முதலிரண்டை மட்டும் தொடங்கினால் காலை வசனம் மறுபடியும் அறிவிப்புக் குழுவுக்கே வந்து சேரும். மக்களுக்கு அன்பைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், அதை அடைத்தால் வேறு பக்கம் உடையும்.

குரல் பதிவு வேண்டாம் என்று நிறுவனரிடம் சொல்லாதீர்கள், பலருக்கு அதுதான் இயல்பு. பேசட்டும், கீழே ஒருவர் "யார், என்ன, எங்கே, எப்போதிலிருந்து" என்று நாலு வரி எழுதுவார் என்று ஏற்பாடு செய்யுங்கள். 4 நிமிடப் பதிவில் மூன்றாவது நிமிடம் வரும் நேர மாற்றத்தை, ஒரு முதியவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கும் தன்னார்வலர் கேட்கப் போவதில்லை.

தன்னார்வலர் 60 பேருக்கும் நீங்கள் ஒருவரே பேச முடியாது. 8 முதல் 10 பேருக்கு ஒரு குழுத் தலைவர் வையுங்கள். அவர் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் 5 நிமிடம் பேசி, மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எது நடக்கவில்லை, எதற்காகக் காத்திருக்கிறீர்கள், அடுத்த வாரம் வரமுடியுமா. பதில் உங்களுக்கு வந்து, உங்கள் பதில் 7 நாளுக்குள் திரும்பிப் போக வேண்டும். "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். பதிலே வராத யோசனைப் பெட்டி இரண்டு மாதத்தில் செத்துவிடும்.

யாரைத் தலைவராக வைப்பது என்பதற்கு அப்போஸ்தலர் 6. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழும்பிற்று. தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரைப் படியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் மாலை வகுப்பில் அதிகமாகக் குறை சொல்பவர் யார்? நற்சாட்சி உள்ளவரானால் அந்தப் பொறுப்பை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கணக்கு_மேசை:

பணத்தைப் பற்றி மட்டும், சுருக்கமாக.

நன்கொடையாளரோடு பேசுபவர்கள் இருவர் என்று பெயர் குறித்து வையுங்கள், மூன்றாமவர் வேண்டாம். நிறுவனர் ஓர் ஆராதனையில் "இந்தக் காணிக்கை முதியோர் கட்டிலுக்கு" என்று சொல்லிவிட்டால், அது குறிப்பிட்ட நோக்கத்துக்கான நிதி. அதை எடுத்துச் சம்பளம் போட முடியாது. மேடையில் சொன்ன வார்த்தை அன்று மாலைக்குள் கணக்கருக்கு எழுத்தில் வர வேண்டும், இல்லையென்றால் அது பொது நிதியில் விழுந்து, ஆறு மாதம் கழித்துக் கட்டில் எங்கே என்று கேட்கும்போதுதான் தெரியும். பல அறக்கட்டளைகளில் "பண மோசடி" என்று பேச்சு எழும் இடத்தைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இதுதான் கிடக்கும். யாரும் திருடியிருக்க மாட்டார்கள், சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று.

ஊழியர்களுக்கும் மாதம் ஒருமுறை நான்கு எண் சொல்லுங்கள்: வரவு, செலவு, கையிருப்பு எத்தனை வாரத்துக்குத் தாங்கும், கொடுக்க வேண்டிய பாக்கி. மூன்றாவது எண் 12 வாரத்துக்குக் கீழே போனால் குழுவுக்கு உடனே எழுத்தில் போக வேண்டும். அந்த வரம்பை உங்கள் குழு கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்று இருக்கட்டும். "ஜெபியுங்கள், தேவைகள் இருக்கின்றன" என்பது நிதிநிலை அறிக்கை ஆகாது. சம்பளம் தாமதமாகும் என்றால் தேதியோடு, சம்பள நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும். விசுவாசத்தால் ஓடும் நிறுவனத்திலும் ஊழியரின் வீட்டு வாடகை குறித்த தேதியில்தான் வந்து நிற்கும்.

பவுல் எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோனபோது ஒருவனும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருந்ததாக 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் கூட அனுப்பினார். அப்போஸ்தலரையே தனியாக விடவில்லை. உங்கள் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்பதற்கு இதைவிட ஆதாரம் தேடாதீர்கள். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டார் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு_அலுவலர்:

ஜெபக் குறிப்பு பற்றி யாரும் தொடவில்லையே. அதுதான் இந்தக் கேள்வியில் ஆபத்தான பகுதி.

ஒருவரின் நோய், குடும்பச் சண்டை, கடன், பிள்ளையின் பிரச்சினை எதுவும் அவர் வாயாலோ எழுத்தாலோ சம்மதம் தராமல் ஜெபக் குழுவுக்குப் போகக் கூடாது. "பெயர் சொல்லவில்லை" என்பது சாக்கு. 14 பேர் உள்ள இடத்தில் "ஒரு சகோதரி, மூன்று பிள்ளைகள்" என்றாலே ஆள் தெரிந்துவிடும். பராமரிப்பில் இருப்பவரின் செய்தி என்றால் இன்னும் கடுமை. உதவி வாங்குகிறவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார், ஆகவே அவர் தலையசைத்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்கொடைக் கடிதத்தில் போடும் படத்துக்கும் இதே அளவுகோல்தான்.

குறைகளுக்கு மத்தேயு 18ஐ எடுத்துக் காட்டுவார்கள்: முதலில் தனியாகப் போய்ச் சொல், பிறகு இரண்டொருவரோடு, பிறகு சபைக்கு. சமமான இரண்டு சகோதரருக்கு நடுவில் நடக்கும் மனஸ்தாபத்துக்கு அது அருமையான வழி. ஆனால் பயந்து நிற்கும் ஒரு பிள்ளையையோ, மேலாளரால் தொல்லைக்குள்ளான ஊழியரையோ "நீ தனியாகப் போய் அவரிடம் பேசு" என்று அனுப்புவது அந்த வசனத்தை ஆயுதமாக்குவது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆகவே இரண்டு வழி எழுதுங்கள். பணி முறை, பேச்சு முறை பற்றிய குறை: முதலில் நேரில், 14 நாளில் தீரவில்லை என்றால் குழுத் தலைவர், பிறகு நீங்கள், பிறகு நிர்வாகக் குழு. பிள்ளைகள், முதியோர், பாலியல் தொல்லை, வன்முறை, பணக் கையாடல்: இவை நேராகப் பெயர் குறித்த பாதுகாப்பு அலுவலரிடம், அதே நாளில். அவர் மேல் புகார் என்றால் குழுவில் வேறொருவரிடம். நிறுவனர் மேல் என்றால் நிறுவனரின் உறவினர் அல்லாத குழு உறுப்பினரிடம். புகாரைக் கேட்பவர், புகார் தந்தவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். துருவிக் கேட்கக் கூடாது, "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, தானே விசாரணை நடத்தக் கூடாது. சட்டப்படி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்த பிறகுதான் மேய்ப்பரின் ஆறுதல் வார்த்தை. மன்னிப்பு பற்றிய பேச்சைப் புகார் தந்தவரிடம் யாரும் தொடங்கக் கூடாது என்று எழுத்திலேயே போடுங்கள். நல்லெண்ணத்தோடு அதைச் செய்யும் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார்.

இன்னொன்று. பணத்தில் தப்பு இல்லையென்றால் எல்லாம் சரி என்று குழுக்கள் நினைத்துவிடுகின்றன. 2022 நவம்பரில் போப் பிரான்சிஸ், கத்தோலிக்கத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான காரித்தாஸ் பன்னாட்டு அமைப்பின் தலைமையை நீக்கி, தற்காலிக நிர்வாகி ஒருவரை நியமித்தார். மறுஆய்வில் நிதி முறைகேடோ பாலியல் முறைகேடோ கண்டறியப்படவில்லை. நிர்வாகத்திலும் நடைமுறைகளிலும் இருந்த குறைகள் குழு உணர்வையும் ஊழியரின் மனஉறுதியையும் கெடுத்திருந்தன என்பதே சொல்லப்பட்ட காரணம்.

புது_ஒருங்கிணைப்பாளர்:

மிக்க நன்றி. பதிவேடும் மூன்று குழுக்களும் இந்த மாதமே தொடங்க முடியும். நிறுவனரிடம் இதை எப்படி எடுத்துச் செல்வது? 70 வயதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அப்பா மாதிரி. குழுவில் வைத்துச் சொன்னால் அவமானப்படுத்தியதாகிவிடும்.

செயலர்_மேசை:

குழுவில் முதலில் சொல்லாதீர்கள். யாத்திராகமம் 18இல் மோசேயின் மாமனார் எத்திரோ என்ன செய்தார்? ஒரு நாள் முழுதும் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டார்: ஏன் நீர் ஒருவராய் உட்கார்ந்திருக்கிறீர், ஜனங்கள் காலை முதல் மாலைவரைக்கும் நிற்கிறார்களே என்று. மோசே காரணம் சொன்ன பிறகுதான் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார், அதற்கும் சொன்ன காரணம் நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்பதே. பிறகு கையோடு ஒரு திட்டம்: ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு அதிபதிகள், பெரிய காரியங்கள் மாத்திரம் மோசேயிடம். மோசேயின் அழைப்பை அவர் ஓரிடத்திலும் கேள்வி கேட்கவில்லை.

அந்த வரிசையிலேயே போங்கள். இரண்டு வாரம், நிறுவனரிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு தாளில் குறியுங்கள்: யார் கேட்டது, எதைப் பற்றி, வேறு யாராவது பதில் சொல்லியிருக்க முடியுமா. தனியாக, அவர் இடத்தில், அரைமணி நேரம் கேட்டுப் போய் உட்காருங்கள். தாளைக் காட்டி, "இவற்றில் எதெல்லாம் உங்களிடம் மட்டுமே வர வேண்டும் ஐயா?" என்று கேளுங்கள். அவர் கையாலேயே கோடு போடட்டும். அவர் வைத்துக்கொள்வது அவருடையது, மற்றதை மூன்று மாதத்துக்குச் சோதனையாகப் பிரித்துக் கொடுங்கள். முடிவில் அதே தாளைத் திரும்பப் பார்ப்பதாகத் தேதியும் குறித்துவிடுங்கள்.

களப்பணி_அக்கா:

ஐயா சொன்னதோடு ஒன்றே ஒன்று. அந்த மூன்று மாதத்தில் பிரித்துக் கொடுத்த வேலையில் யாராவது தவறு செய்வார்கள். அப்போது தன்னார்வலர்கள் நேராக நிறுவனரிடம் ஓடுவார்கள், அவரும் பாசத்தில் பதில் சொல்லிவிடுவார், உங்கள் ஏற்பாடு அன்றே முடிந்தது. ஆகவே அவர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே அவரோடு பேசி வையுங்கள்: "இதை உன் குழுத் தலைவரிடம் கேட்டாயா?" அவ்வளவுதான். முதல் பத்து முறை அவருக்கும் கஷ்டமாக இருக்கும்.

கணக்கு_மேசை:

முதல் பத்து முறையில் எட்டு முறை அது பணம் கேட்டுத்தான் வரும். சிறு செலவுக்குக் குழுத் தலைவர் கையில் ஒரு தொகையும் ரசீது நோட்டும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள் தம்பி, அக்கா சொன்ன கஷ்டம் பாதி குறையும்.